மூசையில் கிடந்த விளக்கு

வெளிச்சத்தின் வரலாறு – 19

சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: மேக்னசைட் ஜங்ஷன். ஊர்ப் பெயரோ சாமி பெயரோ இல்லாமல் ஒரு கல்லின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலையம். அதைச் சுற்றி, சேர்வராயன் மலையடிவாரம் வரைக்கும் கிடக்கிற மேட்டு நிலத்தைத்தான் சுண்ணாம்புக்கரடு என்கிறோம். பக்கத்துக் கிராமத்துக்கு வெள்ளக்கல்பட்டி என்றே பெயர்.

அந்தக் கல் சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்புக்கல்மேல் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். இந்த வெள்ளைக்கல் அசையாது. பொடித்துச் சூடாக்கினால்தான் மெல்லக் குமிழ் விடும். உடைத்த முகத்தைப் பார்த்தால் பீங்கான் கிண்ணம் உடைந்தது போல வழவழவென்று இருக்கும். கரும்பச்சைப் பாறைக்குள் வலை பின்னியது போல ஓடும் இந்த வெள்ளை நரம்புகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் 1896ல் ஒரு கட்டுரை எழுதினார். மெக்னீசியம் கார்பனேட். நூறு கிலோ சுத்தமான கல்லில் கிட்டத்தட்ட 29 கிலோ மெக்னீசியம் இருக்கும்.

சென்ற இதழில் நீல எல்.இ.டி.யின் கதையைப் பார்த்தோம். ஆயிரம் டிகிரி வெப்பத்தில் காலியம் நைட்ரைடு படிகத்தை ஒழுங்காக வளர்க்க அகாசாகியும் அமானோவும் நகாமுராவும் பட்ட பாட்டைச் சொன்னேன். இந்த இதழில் அதற்கு நேர் எதிரான ஒரு விளக்கு. படிகமே வேண்டாம். தூளை எடுத்து, ஆவியாக்கி, கண்ணாடியில் பூசி, மின்சாரம் கொடுத்தால் பூச்சே ஒளி விடும். உங்கள் கையில் இருக்கும் செல்போன் திரைகளில் பாதிக்கு மேல் இன்று இந்த வகையாக இருக்கலாம்: ஓ.எல்.இ.டி., கரிம ஒளியுமிழ் டையோடு. அதன் முதல் வெற்றி 1987ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் கம்பெனி ஆய்வகத்தில் நடந்தது. ஆனாலும் இந்தக் கதையை நான் சேலத்திலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முதல் கருவியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முக்கியமாக மூன்று உலோகங்கள் வேலை செய்கின்றன: அலுமினியம், மெக்னீசியம், வெள்ளி. முதலாவதன் தாது ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இருக்கிறது. இரண்டாவதன் தாது சுண்ணாம்புக்கரட்டில். மூன்றாவது இங்கே வெட்டி எடுக்கப்படுவதில்லை, ஆனால் அதை உருக்கி, கம்பியாக இழுத்து, கொலுசாகக் கோக்கும் கைகள் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

1989ல் நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். பெரியார் பல்கலைக்கழகம் அப்போது இல்லை, அது 1997ல்தான் வந்தது. நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். ஆய்வகத்தில் எடையறி பகுப்பாய்வு என்று ஒரு பயிற்சி உண்டு. கரைசலில் எவ்வளவு அலுமினியம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொடுக்கப்படும் கரைசலைச் சுட வைத்து, ஆக்சின் என்று நாங்கள் சொல்லும் 8-ஹைட்ராக்சிகுயினோலினை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு அம்மோனியம் அசிட்டேட் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே பீக்கர் மஞ்சளாகக் கலங்கும். எலுமிச்சை மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடின நிறம். அரை மணி நேரம் விட்டால் மாவு போல அடியில் தங்கும். அதைக் கண்ணாடிச் சல்லடை வைத்த மூசையில் வடித்து, வெந்நீரில் கழுவி, அடுப்பில் 130 டிகிரிக்கு மேல் உலர்த்தி, ஆற வைத்து நிறுக்க வேண்டும். எடை மாறாமல் நிற்கும்வரை மறுபடியும் உலர்த்து, மறுபடியும் நிறு. வந்த எடையை 0.0587ஆல் பெருக்கினால் அலுமினியத்தின் எடை கிடைக்கும். ஒரு துளி உலோகத்துக்கு இத்தனை கனமான வீழ்படிவு கிடைப்பதால்தான் இந்த முறையைத் தாது சோதிக்கிறவர்கள் விரும்பினார்கள். மெக்னீசியத்தையும் இதே ஆக்சினால் அளக்கலாம், காரக் கரைசலில்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்னப் புற ஊதா விளக்குப் பெட்டி இருந்தது. வேறு ஒரு சோதனைக்காக வைத்திருந்தார்கள். நிறுத்து முடித்த மூசையை ஒரு நாள் விளையாட்டாக அதற்குள் வைத்துக் கறுப்புத் துணியை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மூசைக்குள் இருந்த தூள் முழுக்கப் பச்சையாக எரிந்தது. எரிந்தது என்று எழுதினாலும் அதில் சூடு இல்லை, புகை இல்லை. மின்மினிப் பூச்சியைக் கைக்குள் மூடிப் பார்ப்பது போல இருந்தது. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆய்வகப் பொறுப்பாளர் வந்து, "தம்பி, ரெகார்டு எழுதியாச்சா?" என்று கேட்டார். மூசையைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்த மஞ்சள் தூளின் முழுப் பெயர் ட்ரிஸ்(8-ஹைட்ராக்சிகுயினோலின்) அலுமினியம். ஓ.எல்.இ.டி. ஆராய்ச்சிக்காரர்கள் ஏ.எல்.கியூ.3 என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் அதைக் கழுவித் தொட்டியில் விட்டதற்கு இரண்டு வருடம் முன்பே, 1987 செப்டம்பரில், அதையே வைத்து விளக்குச் செய்த கட்டுரை வெளியாகியிருந்தது. அந்த ஆய்விதழ் எங்கள் நூலகத்துக்கு வரவில்லை. எனக்கு விஷயம் தெரிந்தது பல வருடம் கழித்து. தெரிந்த அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பொருள் எங்கள் மூசையில் இருந்தது, ஒளி எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. நம்மிடம் இல்லாதது எது என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது. இந்த அத்தியாயத்தை எழுத வைப்பதும் அதுதான்.

ஓ.எல்.இ.டி. என்ற பெயரில் உள்ள ஆர்கானிக் (கரிம) என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உரம் போடாத அரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கரி அணுக்களை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மங்களை வேதியியலில் கரிமச் சேர்மங்கள் என்கிறோம், அவ்வளவுதான். பீரோவில் போடும் அந்துருண்டை நாப்தலீன் ஒரு கரிமச் சேர்மம். அதில் இரண்டு வளையங்கள். ஒரு வளையம் கூடினால் ஆந்த்ரசீன். 1963ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் அவரோடு இருந்தவர்களும் ஆந்த்ரசீன் படிகத்தின் இரு பக்கமும் மின்முனை வைத்து அதை ஒளிர வைத்தார்கள். சுமார் 400 வோல்ட் தேவைப்பட்டது. வீட்டு மின்சாரத்தைவிட இரு மடங்குக்குப் பக்கத்தில் கொடுத்தால் மங்கலாக ஒரு நீலம். படிகம் தடிமனாக இருந்ததே காரணம். கரிமப் பொருள் மின்சாரத்தை எளிதில் விடாது. தள்ள வேண்டிய தூரம் கூடக்கூட வோல்ட்டும் கூடும்.

சிங் டாங் ஹாங்காங்கில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து 1975ல் கோடாக்கில் சேர்ந்தார். எண்ணெய் நெருக்கடியின் சூடு ஆறாத காலம் அது. அவருக்கு வாய்த்த வேலை விளக்கில்லை, சூரிய மின்கலம். கரிமச் சாயங்களை வைத்து வெயிலை மின்சாரமாக்க முடியுமா என்று பார்த்தார். ஒரே பொருளில் எல்லாம் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தாமல் இரண்டு பொருள்களை இரண்டு மெல்லிய அடுக்குகளாக வைத்து, இரண்டும் தொடும் இடத்தில் காரியம் நடக்கட்டும் என்று விட்டார். 1986ல் வெளியான அந்த இரண்டடுக்கு மின்கலம் 1 சதவீதத் திறன் கொடுத்தது. அந்தத் துறைக்கு அது பெரிய பாய்ச்சல்.

வெயிலைக் கொடுத்தால் மின்சாரம் வருகிற அடுக்கில் மின்சாரத்தைக் கொடுத்தால் வெளிச்சம் வர வேண்டும் அல்லவா? 1982லேயே இது பற்றி டாங் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற வேதியியலாளர் கூடச் சேர்ந்த பிறகு பொருள்கள் ஒவ்வொன்றாக மாறின. கடைசியில் அவர்கள் ஒளியுமிழ் அடுக்குக்குத் தேர்ந்தெடுத்தது எல்லா வேதியியல் ஆய்வகத்து அலமாரியிலும் கிடந்த அந்த ஆக்சின் அலுமினியம்.

கருவி இப்படி இருந்தது. அடியில் கண்ணாடி. அதன் மேல் இந்தியம் டின் ஆக்சைடு, ஒளி ஊடுருவும், மின்சாரமும் கடத்தும் பூச்சு. (இந்தியமும் நம் பக்கத்துத் தாது இல்லை. ஆனால் அதன் நிறமாலையில் தெரிந்த அவுரி நீலக் கோட்டை வைத்துத்தான் 1863ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அவுரிச் சாயத்துக்கு ஐரோப்பா வைத்த பெயரே நம் நாட்டின் பெயரிலிருந்து வந்ததால், சுற்றி வந்து நம்மைத் தொட்டுவிடுகிறது.) அதன் மேல் டையமீன் என்ற கரிமச் சேர்மத்தின் அடுக்கு. இதன் வேலை நேர்மின்சுமையை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்களை, உள்ளே விடுவது. அதன் மேல் ஆக்சின் அலுமினியம். இது எலக்ட்ரானைக் கடத்தும். இரண்டு அடுக்கும் சேர்ந்து 135 நானோமீட்டர்தான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலே உலோக மின்முனை.

கீழிருந்து காலி இடம் வருகிறது, மேலிருந்து எலக்ட்ரான் வருகிறது. டையமீன் அடுக்கு எலக்ட்ரானை உள்ளே விடாது. அதனால் இரண்டும் அடுக்குகள் சேரும் எல்லையில் நெருங்கி நின்று, ஆக்சின் அலுமினிய மூலக்கூறு ஒன்றில் சந்தித்துக்கொள்கின்றன. சந்திப்பில் கிடைக்கும் சக்தி பச்சை ஒளியாக வெளியேறுகிறது. பழைய ஒற்றைப் பொருள் கருவிகளில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் யாரையும் பார்க்காமலே மறுகரை போய்ச் சேர்ந்துவிடும். டாங்கின் வடிவமைப்பு முழுக்க இந்தச் சந்திப்பு எங்கே நடக்க வேண்டும் என்று இடம் குறித்ததில் இருக்கிறது. அடுக்கு இவ்வளவு மெலிதாக இருப்பதால் பத்து வோல்ட்டுக்குள் காரியம் முடிந்தது. ஆனால் பத்து வோல்ட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. 135 நானோமீட்டருக்குள் பத்து வோல்ட் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு லட்சம் வோல்ட்டுக்கு மேல் வரும் மின்புலம். ஒரு தூசி, ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் கருவி சுட்டுப் பொசுங்கிவிடும்.

இப்போது மேல் மின்முனைக்கு வருகிறேன். சேலத்துக்காரனுக்கு மிகவும் பிடித்த பாகம் இது.

எலக்ட்ரானைக் கரிம அடுக்குக்குள் தள்ள, அதை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் வேண்டும். தங்கமும் வெள்ளியும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம், மெக்னீசியம் போன்றவை தாராளமாகக் கொடுக்கும். ஆனால் கொடுக்கும் குணம் உள்ள உலோகம் காற்றுக்கும் கொடுக்கும். காற்றுப் பட்டதும் ஆக்சைடாகிவிடும். பத்தாம் வகுப்பில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்திய நினைவு எல்லோருக்கும் இருக்கும். கண் கூசும் அந்த வெள்ளைச் சுடரும், பிறகு இடுக்கியில் மிஞ்சும் வெள்ளைச் சாம்பலும். இன்னொரு தொல்லை: மெக்னீசிய ஆவி கரிமப் பரப்பில் ஒட்டாமல் நழுவும். டாங்கும் வான் ஸ்லைக்கும் பத்துப் பங்கு மெக்னீசியத்துக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தார்கள். வெள்ளி முதலில் பரப்பைப் பற்றிக்கொண்டு மெக்னீசியத்துக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது. காற்றையும் கொஞ்சம் தாங்கியது.

போன மாதம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அகலம் எட்டடிகூட இராத அறை. மூலையில் ஊதுலை. அதன் வாயில் மூசை, உள்ளே வெள்ளி உருகிக் கண்ணாடிபோல் தளதளத்தது. பெரியவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் செம்புத் துணுக்குகளைக் கையாலேயே மதிப்புப் பார்த்து உள்ளே போட்டார். எதற்கு என்று கேட்டேன். "சுத்த வெள்ளி வளைஞ்சு குடுத்துரும் சார். கூட ஒண்ணு சேர்ந்தாத்தான் கொலுசு கால்ல நிக்கும். எவ்வளவு சேர்க்கறோமோ அதுதான் டச்சு" என்றார். அவரிடம் ராச்செஸ்டர் கதையைச் சொன்னேன். வெள்ளியே சேர்மானமாக, பத்துக்கு ஒன்றாகப் போகிற கலவை என்றதும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப எப்படிங்க ஒண்ணா உருக்குவாங்க? ஒண்ணு முந்திக்குமே?"

சரியான கேள்வி. ஒன்றாக உருக்க முடியாது. வெற்றிடத்தில் மெக்னீசியம் 400 டிகிரிக்குள்ளேயே ஆவியாகக் கிளம்பிவிடும். வெள்ளி கிளம்ப 1,000 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். ஒரே மூசையில் போட்டால் மெக்னீசியம் முழுக்கப் போன பிறகு வெள்ளி போகும். அடுக்கடுக்காகப் படியுமே தவிரக் கலவை ஆகாது. அதனால் இரண்டுக்கும் தனித்தனி மூசை. மூடிய ஒரு கூடத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டையும் அதனதன் வெப்பத்தில் ஒரே நேரத்தில் ஆவியாக்கி, மேலே கவிழ்த்துக் கட்டிய கண்ணாடியில் படிய விடுவார்கள். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு சில அணு அடுக்கு ஏறினாலும் அதிர்வு குறையும். அந்தக் குறைவைப் பார்த்து, நொடிக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் ஏறுகிறது என்று படித்து, பத்துக்கு ஒன்று என்ற கணக்கை நிறுத்திவைப்பார்கள். பெரியவர் இதைக் கேட்டுவிட்டு உலையைப் பார்த்துத் தலையாட்டினார். கையாலேயே டச்சுப் பார்க்கிறவருக்கு அந்தப் படிகத்தின் வேலை என்னவென்று விளக்கத் தேவைப்படவில்லை.

முதல் கருவியின் கணக்கு இது: உள்ளே போன நூறு எலக்ட்ரானுக்கு வெளியே வந்தது ஒரு ஒளித்துகள். ஒரு வாட்டுக்கு 1.5 லூமன். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமன் கொடுக்கும். அதைவிடவும் மட்டம்தான். ஆனாலும் சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலாவுக்கு மேல் பிரகாசம் வந்தது. பகல் வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை இருட்டறையில் உற்றுப் பார்க்க வேண்டியிருந்த ஒன்றுக்கு இது வேறு பிறவி.

பொருள் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மின்முனையை 200 நானோமீட்டர் தடிமனில் முழுக்க மெக்னீசியமாகவே பூசுவதாக வைத்தாலும் ஒரு சதுர மீட்டருக்கு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகிறது. சுண்ணாம்புக்கரட்டில் ஒரு கிலோ வெள்ளைக்கல்லில் உள்ள மெக்னீசியம் 800 சதுர மீட்டருக்குக் காணும். ஆக்சின் அலுமினியம் 60 நானோமீட்டருக்குப் பூசினால் சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம். நான் 1989ல் மூசையிலிருந்து கழுவிவிட்ட தூள் மூன்று சதுர மீட்டர் விளக்குக்குப் போதுமானது.

எடை போதும், சுத்தம் போதாது. அங்கேதான் உண்மையான தூரம் இருக்கிறது. கல்லூரி மூசையில் வடித்த தூளை அப்படியே ஆவியாக்கினால் விளக்கு ஒளிராது, ஒளிர்ந்தாலும் நிமிடங்களில் செத்துவிடும். லட்சத்தில் ஒரு பங்கு அழுக்கே எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் தூளை வைத்து, காற்றை எடுத்துவிட்டு, அந்த முனையில் சூடு அதிகமாகவும் மறுமுனை நோக்கிப் படிப்படியாகக் குறைவாகவும் இருக்கும்படி சூடாக்குவார்கள். கற்பூரம் உருகாமலே ஆவியாவது போல இதுவும் கிளம்பிக் குழாய் வழியே நகரும். ஒவ்வொரு பொருளும் தனக்கு ஏற்ற வெப்பத்தில் இறங்கிப் படியும். குழாயின் நடுவே மஞ்சள் ஊசிப் படிகங்களாக ஒரு பட்டை, அதற்கு முன்னும் பின்னும் பழுப்பும் வெளிறலுமாகக் கசடுகள். நடுப் பட்டையை மட்டும் சுரண்டி எடுத்து மறுபடியும் அதே குழாய். இரண்டு முறை, மூன்று முறை.

நம் மலைகளின் தாதுக்கள் இந்தத் தூரத்தைக் கடக்கவே இல்லை. வெள்ளைக்கல்லை உலையில் சுட்டு, எஃகு ஆலைகளின் உலைக்குள் பதிக்கும் செங்கல்லாக்கினோம். மெக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரி வரை உருகாது, அதனால். 1979ல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் வந்தது. பழைய பர்ன் நிறுவனத்தின் சேலம் பிரிவு 2011ல் அரசு எஃகு நிறுவனமான செயில் கைக்குப் போனது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் செம்பாறைபோல் இருக்கும் பாக்சைட்டை லாரிகளில் இறக்கி மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமாக்கினோம். 2008ல் அந்த உருக்காலை நின்றது. எழுபது கொண்டை ஊசி வளைவில் சுமையோடு இறங்கின நாமக்கல் டிரைவர்களுக்கும், கரட்டில் கல் பொறுக்கின பெண்களுக்கும் அந்தக் காலம் சோறு போட்டது. அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. மலையில் வெட்டின குழிகளும் அப்படியே கிடக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டன் கணக்கில் போன தொழில் அது. கிராம் கணக்கில் போகும் தொழில் ஒன்று அதே பொருளில் இருக்கிறது என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

கருவியின் திறன் 1987க்குப் பிறகு எப்படி ஏறியது? முதல் வேலை படிக்கட்டைச் சீர் செய்வது. கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கினவர்களுக்குத் தெரியும், ஆயிரத்துக்கு மேல் படிகள். ஒரே அளவாக இருக்கும் இடத்தில் கால் தானாக இறங்கும். ஒரு படி மட்டும் இரண்டடி உயரமாக இருந்தால் அங்கே கூட்டம் தேங்கிவிடும். எலக்ட்ரானும் அப்படித்தான். உலோகத்துக்கும் கரிம அடுக்குக்கும் நடுவே சக்தி வித்தியாசம் ஒரே தாவலாக இருந்தால் தேங்கும், வோல்ட் வீணாகும். நடுவே இன்னொரு அடுக்கு வைத்துத் தாவலை இரண்டாகப் பிரித்தால் இறங்கிவிடும். இன்றைய கருவிகளில் ஆறேழு அடுக்குகள் இருப்பது இதற்காகத்தான். 1997ல் கோடாக்கின் ஹங், டாங், மேசன் மூவரும் லித்தியம் புளோரைடை மிக மெல்லிய தோல்போலப் பூசி, அதன்மேல் சாதாரண அலுமினியத்தையே மின்முனையாக வைத்துக் காட்டினார்கள். மெக்னீசியத்துக்கு வேலை குறைந்தது.

இலங்கைத் தமிழரான பேராசிரியர் பூபதி கதிர்காமநாதன் இந்தப் படிக்கட்டு வேலையில்தான் பல வருடம் இருந்தார். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்திலும் பிறகு புரூனல் பல்கலைக்கழகத்திலும் அவருடைய குழு அதே ஆக்சினோடு லித்தியத்தையும் சிர்க்கோனியத்தையும் சேர்த்துப் புதிய அடுக்குப் பொருள்கள் செய்தது. அந்தக் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசையைப் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். லண்டனில் ஒரு வெற்றிடக் கூடத்தைச் சுற்றி நின்று அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இரண்டாவது தடை ஆழமானது. எலக்ட்ரானும் காலி இடமும் சேரும்போது நான்கு விதமாகச் சேரலாம். அதில் ஒன்றுதான் ஒளி விடும், மூன்று வாய் திறக்காமல் சூடாகிப் போய்விடும். ஆக்சின் அலுமினியம் போன்ற பொருளில் இதை மீற முடியாது. உள்ளே உண்டான ஒளியிலும் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டது போகச் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். இரண்டையும் பெருக்கினால் 5 சதவீதம். அதற்கு மேல் போகாது என்று எல்லோரும் நம்பினார்கள். 1998ல் பிரின்ஸ்டனில் ஃபாரஸ்ட் குழுவில் மாணவராக இருந்த பால்டோவும், தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தாம்சனும் பிளாட்டினம் போன்ற கனமான அணுவை மூலக்கூறின் நடுவே வைத்து அந்த மூன்றையும் பேச வைத்தார்கள். அடுத்த ஆண்டே இரிடியம். 2012ல் ஜப்பானின் அடாச்சி உலோகமே இல்லாமல் அதைச் செய்யும் வழி கண்டார். இந்தக் கதை பெரிது, தனி அத்தியாயமாக வரும்.

நம் ஊரில் இன்று என்ன நடக்கிறது? மூலக்கூறு வடிவமைப்பில் நாம் பின்தங்கவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஜெயபாரதி, தணிகாசலம் குழு நீல ஒளி விடும் பினாந்த்ரோஇமிடசோல் சேர்மங்களை வரிசை வரிசையாகச் செய்து அளந்து எழுதியிருக்கிறது. ஐ.ஐ.டி. ரூர்க்கியின் ஜஸ்டின் தாமஸ் 2001ல் தைவானின் அகாடமியா சினிகாவில் இருந்தபோது எழுதிய கார்பசோல் கட்டுரையை இந்தத் துறையில் பலரும் படித்திருப்பார்கள். மூலக்கூறு செய்யக் குடுவையும் அடுப்பும் பொறுமையும் போதும். கருவி செய்யத் தூசியில்லா அறையும் வெற்றிடக் கூடமும் வேண்டும். சேர்மம் இங்கே, கருவி தைவானில் என்று பிரிந்து நடக்கும் ஆராய்ச்சிகளுக்குக் காரணம் அதுதான். 2022ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய மின்னணு அமைச்சகம், டி.ஆர்.டி.ஓ., டாடா சன்ஸ் ஆதரவோடு ஆமோலெட் என்ற ஓ.எல்.இ.டி. திரை வகைக்கான ஆய்வு மையம் வந்தது. செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய ஆய்வகத் தோழன் ஒருவனுக்குப் போன் செய்தேன். அவன் முதலில் கேட்டது, "ஆக்சின் இன்னும் வச்சிருக்காங்களாடா?"

கடைசியாக, இந்த விளக்கு எப்படிச் சாகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். புதிதாகச் செய்த கருவியைக் காற்றில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சைப் பரப்பில் சில கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே புள்ளிகள் வட்டமாக வளர்ந்திருக்கும். புதிதாகப் பெரும்பாலும் பிறக்காது, பிறந்தவை வளரும். பூசும்போது ஒரு தூசி விழுந்து உலோகத்தில் ஊசித் துளை விழுந்த இடங்கள் அவை. துளை வழியே ஈரம் நுழைந்து, மின்முனைக்கு அடியில் நாலா பக்கமும் ஊர்ந்து, மெக்னீசியத்தை வெள்ளையாக அரித்துவிடுகிறது. அந்த மெக்னீசியம் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறிக் கரிம அடுக்கைவிட்டு உரிந்து நிற்கிறது. மின்சாரம் அங்கே இறங்காது. நுண்ணோக்கியில் விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து வெளிச்சம் காட்டிப் பார்த்தால் அந்த இடங்கள் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்களாகத் தெரியும், வெள்ளக்கல்பட்டி மேட்டை வானத்திலிருந்து பார்ப்பது போல.

அந்தக் கொப்புளம் வராமல் தடுக்க, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியே கை விட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒரு கண்ணாடி மூடியை வைத்து ஓரத்தை ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு எவ்வளவு காலம் தாங்குகிறதோ அவ்வளவு காலம் விளக்கு. மூடியின் கதையும், 1997ல் பயனியர் கம்பெனி கார் ஸ்டீரியோவில் முதன்முதலாக இந்த விளக்கை விற்ற கதையும் அடுத்த இதழில்.

(தொடரும்)